பூங்கோதையை வீட்டைவிட்டு அனுப்பியது நான்தான்

உப்பளம், புதுச்சேரி.
தவக்காலம், மூன்றாம் வாரம், புதன்கிழமை.

பேரன்புள்ள சூசான் அத்தை அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகள் ஜாஸ்லின் பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். போன விடுமுறையில் நீங்கள் மாடியில் நட்டுவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடியும் சுகம். அங்கே வெளிநாட்டில் உங்கள் சுகத்தையும், ரெனே மாமாவின் முழங்கால் வலி குறைந்ததையும், பேரன் தெயோவுக்கு விழுந்த பல் முளைத்ததையும் அறிய ஆவல்.

இதுவரை எழுதியது மரியாதைக்கு. இனி எழுதுவது உங்களுக்கு.

சென்ற ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது நீங்கள் என்னைப் பார்த்து, "தவக்காலத்துக்காவது சீரியல் பாக்க உக்காந்தியே, நல்லது. சீரியல் பாக்காத பொண்ணு நாலு பேரோட ஒட்டாதுடி" என்று சொன்னீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் போன் தெயோவின் கைக்குப் போய்விட்டது. அவன் தன் பல் விழுந்த ஓட்டையை எனக்குக் காட்டினான். ஓட்டையைப் பார்த்துக்கொண்டு ஒரு மனுஷி தன் கொள்கையை விளக்க முடியாது. மேலும் எங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் இருக்கும், அம்மாவின் கையில்தான் இருக்கும். ஆகவேதான் கடிதம். இது உங்களுக்கு வந்து சேர எப்படியும் பதினைந்து நாள் ஆகும். அதற்குள் இங்கே எல்லாம் முடிந்திருக்கும். எனவே இதை உதவி கேட்டு எழுதிய கடிதம் என்று நினைக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்டு எழுதியது என்றும் நினைக்க வேண்டாம். இது என் வாக்குமூலம்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். எனக்கு டிவியே பிடிக்காது என்று அம்மா உங்களிடம் சொன்னது தவறு. காலையில் ஆறரை மணிக்கு ஒரு விவசாய நிகழ்ச்சி வருகிறது. அதில் கண்ணாடி போட்ட ஒருவர் மிளகாய்ச் செடியின் இலை ஏன் சுருண்டுகொள்கிறது என்று சொல்லுவார். நம்மிடம் மிளகாய்த் தோட்டம் கிடையாது, இருந்தாலும் நான் தவறாமல் பார்ப்பேன். காரணம், அவர் யாரையும் அழவைப்பதில்லை. செடிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் அன்றைக்கே சொல்லிவிடுவார். பாட்டுப் போட்டி எனக்குப் பிடிக்காது. பாடுகிற பிள்ளை ஒழுங்காகத்தான் பாடுகிறது, நடுவராக இருப்பவர் எதற்கு எழுந்து நின்று கண்ணைத் துடைக்க வேண்டும்? அதைப் பார்த்தால் எனக்கு வெட்கமாகி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். சமையல் நிகழ்ச்சியும் பிடிக்காது, ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு இரண்டு கண்ணையும் மூடிக்கொள்கிறார்கள், நம் வீட்டில் அப்படிச் சாப்பிட்டால் என்னாச்சு, முள்ளு குத்திடுச்சா என்று அம்மா பதறிவிடுவாள். அப்பாவுக்குப் பிடித்தது செய்தி விவாதம். ஆறு பேர் ஆறு கட்டத்துக்குள் உட்கார்ந்து ஒரே நேரத்தில் கத்துவார்கள், அப்பாவும் ஏழாவதாக ஹாலில் உட்கார்ந்து கத்துவார். சீரியல் என்றாலே தனக்கு ஆகாது என்று அப்பா எல்லோரிடமும் சொல்லுவார். அது ஓடும்போது பேப்பரை விரித்துப் பிடித்துக்கொள்வார். ஆனால் அத்தை, நான் கவனித்திருக்கிறேன், அந்த அரை மணி நேரத்தில் அவர் ஒருமுறைகூடப் பக்கத்தைத் திருப்பியதில்லை. ரெனே மாமா அங்கே வினாடி வினா நிகழ்ச்சியைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை என்று நீங்களே சொன்னீர்கள். அவர் யாரோடும் ஒட்டவில்லை என்று யாராவது சொல்கிறார்களா? வயதான ஆண்பிள்ளை ஒன்றைப் பார்க்க மறுத்தால் அது அவருடைய ரசனை, ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பெண் மறுத்தால் அது திமிர். இது என்ன நியாயம் என்று தெரியவில்லை.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தின சனிக்கிழமை, எங்கள் தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டம் சபின் ஆன்ட்டி வீட்டில் நடந்தது. சபின் ஆன்ட்டிதான் இந்த வருஷம் தலைவி. தவக்காலத்துக்கு யார் எதை விடப்போகிறோம் என்று ஆளுக்கொரு ஒறுத்தல் சீட்டு எழுதிப் பெட்டியில் போட வேண்டும். பெண்கள் ஒன்பது பேரும் எட்டு மணி சீரியலான 'குங்குமக் கோட்டை'யை விடுவது என்று சேர்ந்து முடிவெடுத்தார்கள். முடிவெடுத்துவிட்டு ஏதோ சாவு வீட்டுக்கு வந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். நானும் மிகவும் சந்தோஷமாக, "சீரியல் பார்க்க மாட்டேன்" என்று எழுதிப் போட்டேன். சபின் ஆன்ட்டி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"புடிச்சத விட்டாதாம்மா ஒறுத்தல். நீ எழுதியிருக்கிறது, பாவக்கா புடிக்காதவ நாப்பது நாளு பாவக்கா துன்னமாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்றாப்ல இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது பரவாயில்லை. அதற்கு அடுத்ததாகத்தான் அந்த யோசனை வந்தது. அதைச் சொன்னது அம்மா. உனக்குப் பிடிக்காததைச் செய்வதுதானே உனக்கு ஒறுத்தல், அப்படியென்றால் நாற்பது நாளும் நீ உட்கார்ந்து சீரியல் பார், பார்த்துவிட்டு எனக்குக் கதை சொல், இல்லாவிட்டால் ஈஸ்டருக்கு மறுநாள் டிவியைப் போடும்போது தொடர்பு அறுந்து போய்விடும் என்றாள். கதை கேட்டால் உங்கள் ஒறுத்தல் உடையாதா என்று நான் கேட்டேன். "கண்ணால பாக்க மாட்டேன்னுதான் சீட்டு எழுதிக் குடுத்திருக்கேன். காதுக்குன்னு தனியா ஒண்ணும் எழுதல" என்றாள் அம்மா. மற்ற எட்டுப் பெண்களும் தலையாட்டினார்கள். நான் சொல்வதை அம்மா கேட்டுக்கொண்டு, மறுநாள் காலைப் பூசை முடிந்து வரும் வழியில் மற்ற எட்டுப் பேருக்கும் சொல்லிவிடுவது என்று ஏற்பாடாயிற்று. நாற்பது நாள் பார்க்காவிட்டாலும் தொடர்பு அறாது, அங்கே ஒன்றும் நடந்திருக்காது என்று நான் எவ்வளவோ சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

அத்தை, நான் முதல் மூன்று நாள் நேர்மையாகப் பார்த்தேன். இதற்கு என் அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கமே சாட்சி. முதல் நாள், கதாநாயகி பூங்கோதையின் மாமியார் பாலில் எதையோ கலந்து டம்ளரைப் பூங்கோதையின் கையில் கொடுத்தாள். இரண்டாம் நாள், அந்த டம்ளரை வீட்டில் உள்ள பதினோரு பேரும் பார்த்தார்கள், ஒவ்வொருவர் முகத்தையும் மும்மூன்று தடவை காட்டினார்கள். மூன்றாம் நாள் இடி இடித்தது. மழை பெய்யவில்லை. பூங்கோதை டம்ளரை உதடுவரை கொண்டுபோனாள், அப்போது தொடரும் என்று போட்டுவிட்டார்கள். மூன்று ராத்திரியும் நான் அடுப்பங்கரைக்குப் போய் அம்மாவிடம் பால் என்றேன், பால் என்றேன், பால் என்றேன். அம்மாவின் முகம் வாடிப்போயிற்று. நான் ஏதோ மறைக்கிறேன் என்று நினைத்தாள்.

நான்காம் நாள் சனிக்கிழமை. டிவி தன் போக்கில் ஓடிக்கொண்டிருந்தது, நான் சத்தத்தைக் குறைத்துவிட்டு மடியில் நூலகப் புத்தகத்தை விரித்துக்கொண்டேன். எட்டரைக்கு எழுந்து போனேன். அம்மா தோசைக் கரண்டியோடு என்னைத் திரும்பிப் பார்த்து, "குடிச்சிட்டாளா?" என்று கேட்டாள். அந்தப் பார்வைக்கு மறுபடியும் பால் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "இல்லம்மா. கீழ வச்சிட்டா. பையத் தூக்கிக்கிட்டு வூட்ட விட்டே போயிட்டா" என்றேன்.

அம்மா அடுப்பை அணைத்துவிட்டாள். "எங்க போறா?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? பஸ் ஸ்டாண்டுக்கு என்றேன். மறுநாள் ஞாயிறு, சீரியல் கிடையாது. திங்கட்கிழமைக்குள் நான் யோசித்துவிட்டேன். பூங்கோதை பி.ஏ. வரலாறு படித்தவள், அது சீரியல்காரர்களுக்கே மறந்துபோயிருக்கும், எனக்கு மறக்கவில்லை. அவள் விழுப்புரம் பஸ்ஸில் ஏறினாள். அரசு நூலகர் பரீட்சைக்கு மாமியாருக்குத் தெரியாமல் விண்ணப்பம் போட்டிருந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முறுக்கு விற்கிற அம்மாள் அவளுக்குக் காசு வாங்காமல் இரண்டு முறுக்கு கொடுத்தாள். இந்த முறுக்கு விஷயம் அன்பியப் பெண்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. அந்தம்மா நல்லா இருக்கணும் என்று ஒருவர் சொன்னாராம். அடுத்து ஹால் டிக்கெட் தொலைந்தது. அடுத்து கிடைத்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் சிலுவைப் பாதை ஜெபம் முடிந்து வெளியே வந்தபோது சபின் ஆன்ட்டி என் அம்மாவின் கையைப் பிடித்து, இத்தனை வருஷத்தில் இப்போதுதான் இந்த சீரியல் உருப்படியாகப் போகிறது, நாம் பார்க்காதபோது போகிறதே என்று வருத்தப்பட்டதை நான் என் காதால் கேட்டேன். வில்லியனூர் மாதா கோயிலுக்குப் போன இரண்டு பேர் பூங்கோதை பரீட்சையில் தேற வேண்டும் என்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருக்கிறார்கள். அத்தை, உண்மையான பூங்கோதை அப்போதும் அடுப்பங்கரையில் டம்ளரோடுதான் நின்றுகொண்டிருந்தாள்.

எனக்கு ஒரே ஒரு பயம், அது பக்கத்து வீடு. எங்கள் அடுப்பங்கரைச் சுவரும் அஞ்சலாட்சி அக்கா வீட்டு ஹால் சுவரும் ஒன்றே. அவருக்குத் தவக்காலம் கிடையாது, எட்டு மணிக்கு டிவியைத் தெருமுனை வரை கேட்கிற மாதிரி வைப்பார். ஆனால் அம்மா அந்தச் சோதனையில் விழாமலிருக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். சரியாக எட்டு மணிக்கு அடுப்பங்கரையில் நின்றபடியே ஜெபமாலை தொடங்குவாள். சுவருக்கு அந்தப் பக்கம் இடி இடித்தால் இந்தப் பக்கம் அருள் நிறைந்த மரியே என்று குரலை உயர்த்துவாள். அதனால் கதை அம்மாவுக்குக் கேட்டிருக்காது என்று எனக்கு நிம்மதி. மாட்டிக்கொண்டது அஞ்சலாட்சி அக்காவிடம்தான். பத்து நாளைக்கு முன்பு நான் மாவு வாங்கக் கடைக்குப் போனபோது, அன்பியப் பெண்கள் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்த அவர் என்னை ஓரங்கட்டினார்.

"இன்னாடி ஜாஸ்லின், பூங்கோத எப்படி விழுப்புரம் போனா? நேத்து எட்டரை வரைக்கும் எங்கூட்ல டம்ளரப் புடிச்சிக்கிட்டு நின்னாளே."

நான் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் தன் மாவுப் பாக்கெட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். அப்புறம், "எங்கூட்டு பூங்கோத இருந்தா இருக்கட்டும். நீ உன் பூங்கோதையச் சொல்லு, பரீட்ச எழுதினாளா?" என்றார். அன்றிலிருந்து அவர் எட்டு மணிக்கு அதையும் பார்க்கிறார், காலையில் மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் இதையும் கேட்டுக்கொள்கிறார். இரண்டையும் பார்த்த ஒரே மனுஷி அவர்தான். எது தேவலை என்று அவரைக் கேளுங்கள்.

ஆனாலும் மனசு உறுத்தியது. போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சாமியாரிடம் சொன்னேன். அவர் இருமினார். பிறகு, அம்மாவிடம் சொன்ன பொய்யை நீயேதான் அம்மாவிடம் சொல்ல வேண்டும், ஈஸ்டர்வரை இழுக்கக் கூடாது என்றார். வருகிற சனிக்கிழமை அன்பியக் கூட்டம் நம் வீட்டில். ஒன்பது பேருக்கு முன்னால் நான் எழுந்து நின்று சொல்லப்போகிறேன்.

என்ன சொல்லப்போகிறேன் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். மன்னியுங்கள் என்று சொல்ல மாட்டேன். பொய் சொன்னது தப்பு, அதற்குச் சாமியார் கொடுத்த பத்து அருள் நிறை மந்திரத்தை நான் அன்றே முழங்காலில் நின்று சொல்லி முடித்துவிட்டேன். அதோடு அந்தக் கணக்கு தீர்ந்தது. ஆனால் சீரியல் பார்க்காதது தப்பு என்று எந்தச் சாமியாரும் சொல்லவில்லை. ஒரு டம்ளர் பாலை வைத்துக்கொண்டு பல கோடிப் பேரைக் காக்க வைக்கிறார்களே, தப்பு அது. ஒரு விஷயத்தைச் சொல்ல வந்தால் சொல்லிவிட வேண்டும், மிளகாய்ச் செடிக்காரர் மாதிரி. அதோடு, யோசித்துப் பார்த்தால், உண்மையான கதையை நான் தினமும் சொல்லியிருந்தால் ஒன்பது பேர் ஒறுத்தலும் முதல் நாளே ஓட்டையாகியிருக்கும். அவர்கள் கேட்டது 'குங்குமக் கோட்டை'யே இல்லை, ஆகையால் அவர்கள் ஒறுத்தலைக் காப்பாற்றியது நான். நாலு பேரோடு ஒட்ட மாட்டேன் என்றீர்களே அத்தை, ஒன்பது பேரும் அஞ்சலாட்சி அக்காவும் இப்போது தெருவில் என்னைப் பார்த்தால் நின்று பேசுகிறார்கள். சீரியல் பார்த்ததால் அல்ல, பார்க்காததால்.

இவ்வளவு தைரியமாக எழுதுகிறேன், ஒன்றே ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவை நினைத்தால்தான் அந்தத் தைரியம் போய்விடுகிறது. பூசை முடிந்து வரும்போது அவள் நடுவில் நடக்கிறாள், எட்டுப் பேரும் அவளைச் சுற்றி நடக்கிறார்கள். "எங்க ஜாஸ்லின் பாத்துட்டு வந்து சொன்னா, நேர்ல பாத்தாப்ல இருக்கும்" என்று சொல்லித்தான் தொடங்குகிறாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் எங்கே நடப்பாள் என்று தெரியவில்லை. அதனால் சனிக்கிழமைக்கு முன்னாலேயே, இன்றைக்கே, அவளிடம் தனியாகச் சொல்லிவிடலாமா என்றும் இந்தக் கடிதத்தை எழுதும்போதே யோசித்துக்கொண்டிருக்கிறேன். சொன்னாலும் என் கொள்கை மாறாது. இந்த ஜன்மத்தில் நான் சீரியல் பார்க்கப்போவதில்லை. அதை யாரும் என் வாயில் புகட்ட முடியாது, பாலே ஆனாலும்.

ரெனே மாமாவுக்கு என் வணக்கம், தெயோவின் கன்னத்துக்கு இரண்டு முத்தம். தூய லூர்து அன்னை உங்கள் வீட்டையும், ரெனே மாமாவின் முழங்காலையும் காப்பாளாக.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள (இந்த ஒரு விஷயம் நீங்கலாக) மருமகள்,
ஜாஸ்லின்

பி.கு.: கடிதத்தை மடித்து உறையில் போட்ட பிறகுதான் உங்கள் விலாசம் அம்மாவின் டைரியில் இருப்பது நினைவுக்கு வந்தது. அடுப்பங்கரைக்குப் போய்க் கேட்டேன். இத்தனை கனமாக அத்தைக்கு என்ன எழுதியிருக்கிறாய் என்றாள் அம்மா. அங்கேயே நின்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"செவுத்துக்கு அந்தாண்ட ஓடுறது எனக்குக் கேக்காதா? பாலு இன்னும் டம்ளர்லதான் இருக்கு. பதினெட்டு நாளா."

ஜெபமாலை சொன்னாயே அம்மா என்றேன். ஜெபமாலை சொல்லுகிறபோது வாய்க்குத்தான் வேலை, காது சும்மாதானே இருக்கிறது என்றாள். அப்புறம் ஏன் தினமும் என்னிடம் கேட்டாய் என்றேன். தோசையை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, "வருஷம் பூரா புஸ்தகத்துக்குள்ள தலைய வுட்டுக்கிட்டு இருப்ப. இப்பதான் நெதமும் அரை மணி நேரம் இங்க வந்து நிக்கிற" என்றாள். சனிக்கிழமை எட்டுப் பேரிடமும் தானே பக்குவமாகச் சொல்லிக்கொள்வதாகவும் சொன்னாள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன், பாட்டுப் போட்டி நடுவர் மாதிரி. அப்போது அம்மா சொன்னாள்:

"அவுங்க டம்ளர வச்சி இழுக்கிறாங்கன்ற. நீ மட்டும் என்னாவாம்? அந்தப் பொண்ணு பரீட்ச ஹாலு மாடிப்படியில எட்டு நாளா நிக்கிறா. கால் வலிக்காதா அவளுக்கு? இன்னிக்காவது உள்ள வுடு."

எண்ணிப் பார்த்தேன் அத்தை. எட்டு நாள்தான். ஆகையால் சீரியலைப் பற்றியும் என் கொள்கையைப் பற்றியும் மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிட்டுப் படிக்கவும். நானே அடித்திருப்பேன், உறையை ஒட்டிவிட்டேன். இதை உறையின் பின்புறத்தில்தான் பொடி எழுத்தில் எழுதுகிறேன். இன்று ராத்திரி பூங்கோதையை உள்ளே விட்டுவிடுகிறேன் என்று அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். கேள்வித்தாளை மட்டும் அவள் நாளைக்குத்தான் பிரிப்பாள்.